சேய் வகுப்பு கூடுதலாக ஒன்று கேட்டால்: மூன்று வழிகள்

சிங்கப்பூரில் பொருள், சேவை வரி 2023 ஜனவரி 1 அன்று 7 விழுக்காட்டிலிருந்து 8 ஆகவும், 2024 ஜனவரி 1 அன்று 9 ஆகவும் உயர்ந்தது. சிராங்கூன் சாலைக் கடை ஒன்றுக்கு பிஎச்பி என்ற நிரல்மொழியில் பில் மென்பொருள் எழுதுவதாகக் கொள்வோம். அதில் ஒரு தாய் வகுப்பும் (class), அதன் செயல்களைப் பெற்றுத் தேவைக்கேற்ப மாற்றி எழுதும் சேய் வகுப்பும் உள்ளன. தாய் வகுப்பின் வரி கணக்கிடும் மெத்தட் (வகுப்புக்குள் எழுதும் செயல்பாடு) தொகையை மட்டுமே பெறுகிறது. 2023 டிசம்பரில் விற்ற பொருளுக்குப் பணத்தைத் திருப்பித் தரும்போது 8 விழுக்காடே பொருந்தும் என்பதால், சேய் வகுப்புக்குத் தேதியும் தேவைப்படுகிறது. அதைச் சேயின் மெத்தட்டில் கட்டாய பாராமீட்டராக (மெத்தட் பெறும் உள்ளீடாக) சேர்த்தால், தாயின் மெத்தட்டை அழைப்பதைப் போலவே சேயினுடையதையும் அழைக்க முடிய வேண்டும் என்ற பொருத்த விதி மீறப்படுகிறது; அதற்குப் பதிப்பு 7இல் எச்சரிக்கை மட்டும் தந்த பிஎச்பி, 8.0 முதல் நிரலையே நிறுத்திவிடுகிறது.

தேதிக்கு இயல்பு மதிப்பு (அனுப்பாவிட்டால் எடுத்துக்கொள்ளும் மதிப்பு) கொடுப்பது பலரும் முதலில் நாடும் வழி. பிழைச்செய்தி மறைந்துவிடும், ஆனால் தாய் வகுப்பை மட்டும் அறிந்த நிரல் தேதியை அனுப்பாது என்பதால், பழைய பில்லுக்கும் இன்றைய 9 விழுக்காடே ஓசையின்றிக் கணக்கிடப்படும். எத்தனை தசம இடங்கள் காட்டுவது போன்றவற்றுக்கு இவ்வழி போதும்; வரிக்கு இதை நான் ஏற்கமாட்டேன்.

கன்ஸ்ட்ரக்டரில், அதாவது வகுப்பிலிருந்து ஒரு பொருளை (object) உருவாக்கும்போது ஓடும் மெத்தட்டில், தேதியைப் பெறுவது இரண்டாவது வழி. அப்ஸ்டிராக்ட் (உள்நிரல் இல்லாத வெறும் அறிவிப்பு) என்றோ இன்டர்ஃபேஸிலோ (வகுப்பு கொண்டிருக்க வேண்டிய மெத்தட்களின் பட்டியல்) அறிவிக்கப்படாத கன்ஸ்ட்ரக்டருக்கு பிஎச்பி இந்தப் பொருத்த விதியை விதிப்பதில்லை. ஒரு பில்லுக்கு ஒரு கணக்கீட்டுப் பொருள் என்றால் இதுவே எளிது. மாத இறுதியில் எல்லா பில்களையும் ஒரே பொருளின் வழியே கணக்கிடும் இடத்தில் இது உதவாது.

எஞ்சுவது, தொகையையும் தேதியையும் ஒரே பொருளாகக் கட்டி, தாய் வகுப்பின் மெத்தட் அறிவிப்பையே (அதன் பெயரும் பாராமீட்டர்களும் உள்ள வரி) மாற்றுவது. எல்லாச் சேய் வகுப்புகளையும், அவற்றை அழைக்கும் இடங்களையும் ஒருமுறை திருத்த வேண்டியிருந்தாலும், இக்கடைக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். ஒரு கண்ணி மட்டும் உண்டு: அப்பொருளில் தேதி விருப்பத் தகவலாக இருந்து, சேய் வகுப்பு அதைக் கட்டாயமாகக் கேட்டால், அறிவிப்பு பொருந்தினாலும், தாய் கேட்பதைவிடச் சேய் கூடுதலாகக் கேட்கக்கூடாது என்று கணினி அறிவியலாளர்கள் பார்பரா லிஸ்கோவும் ஜெனெட் விங்கும் 1994இல் வகுத்த நெறி உடைகிறது, பிஎச்பி அதைக் கண்டுபிடிக்காது. ஆகவே தேதியில்லாமல் அப்பொருளை உருவாக்கவே முடியாதபடி எழுத வேண்டும்.

எந்த வழியானாலும் பாராமீட்டரின் பெயரை மாற்றாதீர்கள். பதிப்பு 8.0 முதல் பெயரிட்டும் மதிப்பை அனுப்பலாம் என்பதால், தாய் வகுப்பின் பெயரைக் கொண்டு அழைக்கும் நிரல் ஓடும்போது உடையும். அறிவிப்புச் சோதனை பெயர்களை ஒப்பிடுவதில்லை.