ரகசிய சுவிட்ச் போடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

என்னுடையது 2004 மாடல் மாருதி 800. அப்பா வாங்கியது. அந்த வண்டியில் இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் எஞ்சினைக் கிளம்பவிடாத மின்னணுப் பூட்டு) கிடையாது, கதவுப் பூட்டையும் சாவியையும் விட்டால் திருடனுக்கு வேறு தடையே இல்லை. எங்கள் வீட்டில் கார் நிறுத்த இடமில்லாததால் ராத்திரி தெருவில்தான் நிற்கும். போன கார்த்திகையில் பக்கத்துத் தெருவில் ஒரு மாருதி ஆம்னி வேன் காணாமல் போனதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. ரகசிய கட்-ஆஃப் சுவிட்ச் (ஒளித்து வைத்த சுவிட்சால் கரண்டைத் துண்டித்து, வண்டியை ஓடவிடாமல் செய்வது) போட்டுவிடலாம் என்று சென்னையில் கார் உதிரி சாமான்கள் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. இதே வேலையை இதே மாதிரி செய்யும் கடைகள் ஊருக்கு நாலு இருக்கும், அதனால் என்ன நடந்தது என்பதைத்தான் சொல்ல விரும்புகிறேன்.

கடைக்காரர் இரண்டு விலை சொன்னார். ஸ்டார்ட்டருக்குப் போகும் கரண்டை வெட்டினால் 900 ரூபாய். பெட்ரோல் பம்ப்புக்குப் போகும் கரண்டை ரிலே (சின்ன கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைத் துண்டிக்கும் மின் சுவிட்ச்) வைத்து வெட்டினால் 2,200. "ஸ்டார்ட்டர்ல போட்டா தள்ளி ஸ்டார்ட் பண்ணிட்டுப் போயிடுவான் சார், பம்ப்புலயே போடுங்க" என்றார். அது உண்மைதான். கியர் வண்டியை இரண்டு பேர் தள்ளினால் இரண்டாவது கியரில் கிளம்பிவிடும். பம்ப்பை வெட்டினால் லைனில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு நின்றுவிடும். ரிப்பேர் வண்டி என்று நினைத்துத் திருடன் விட்டுவிட்டுப் போக வாய்ப்புண்டு. இவ்வளவு சரியாகச் சொன்னவர் வேலையையும் சரியாகச் செய்வார் என்று நம்பினேன். கூடவே, இதைப் போட்டால் இன்சூரன்ஸ் பிரீமியத்தில் தள்ளுபடி கிடைக்கும் என்றும் சொன்னார். அது பொய் என்று பின்னால் தெரிந்தது. அந்தத் தள்ளுபடி ஏஆர்ஏஐ என்ற வாகன ஆராய்ச்சி அமைப்பு அங்கீகரித்த கருவிகளுக்கு மட்டும்தான். அதுவும் வண்டியின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் (நம் வண்டியின் சேதத்துக்கும் திருட்டுக்குமாகக் கட்டும் பகுதி) 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் என்றுதான் பழைய மோட்டார் இன்சூரன்ஸ் கட்டண விதியிலேயே இருக்கிறது. கடையில் கட்டிக்கொடுக்கும் சுவிட்சுக்கு எதுவும் கிடையாது.

வேலை முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. அந்த நேரத்தில் என்னை முன்னால் நாற்காலியில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். வண்டிப் பக்கம் போகவே விடவில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே, இடது கையால் தொடுகிற மாதிரி சுவிட்சை வைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் வந்த சான்ட்ரோவிலும் அங்கேயேதான் வைத்தார்கள், பின்னால் நின்ற இன்னொரு வண்டிக்கும் அங்கேயேதான். முடித்ததும் பின்கண்ணாடியில் கடை ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினார்கள். அப்போது எனக்கு எதுவும் உறைக்கவில்லை. எல்லா வண்டியிலும் ஒரே இடத்தில் சுவிட்ச், எந்தக் கடையில் போட்டது என்று சொல்ல ஒரு ஸ்டிக்கர். இதில் ரகசியம் எங்கே இருக்கிறது?

ஒரு மாதம் ஒன்றும் தெரியவில்லை. தை கடைசியில், வெயில் ஏறும் நேரத்தில் வண்டி குலுங்க ஆரம்பித்தது. காலையில் நன்றாக ஓடும், பதினோரு மணிக்கு மேல் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். மெக்கானிக் பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார், அப்புறம் பிளக்கை மாற்றினார். சுவிட்ச் போட்ட விஷயத்தை நான் அவரிடம் சொல்லவே இல்லை. ரகசியம் என்பதால் யாரிடமும் சொல்லக்கூடாது என்று இருந்துவிட்டேன். தயவுசெய்து நீங்கள் அப்படி இருக்காதீர்கள். வண்டியைத் தொடுகிற மெக்கானிக்குக் கட்டாயம் தெரிய வேண்டும்.

மாசி மாதம் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது கத்திப்பாரா பாலத்து ஏற்றத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. பின்னால் மாநகரப் பேருந்து. ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், கிளம்பவில்லை. அம்மாதான் முதலில் கேட்டார், "என்னப்பா, பிளாஸ்டிக் கருகுற வாசனை வருதே?" குனிந்து பார்த்தால் ஸ்டீயரிங் அடியிலிருந்து லேசாகப் புகை. அம்மாவை இறக்கி ஓரச் சுவரை ஒட்டி நிற்கவைத்துவிட்டு ஓடிப்போய் பேட்டரி ஒயரைக் கழற்றினேன். கை நடுங்கியதில் நட்டு இரண்டு முறை நழுவியது. போக்குவரத்துக் காவலர் ஒருவரும் பைக்கில் வந்த இரண்டு பையன்களும் சேர்ந்து வண்டியை இறக்கிவிட்டார்கள். அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

எங்கள் பகுதியில் முப்பது வருஷமாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் அதைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ரிலே என்று ஒன்று இல்லவே இல்லை. ஆனால் கடைச் சீட்டில் 'ரிலே கிட் 1' என்று எழுதிக் காசு வாங்கியிருக்கிறார்கள். பம்ப்புக்குப் போகும் ஒயரை நடுவில் வெட்டி, ஸ்பீக்கருக்குப் போடுகிற மெல்லிய ஒயரில் நேராகச் சுவிட்சுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பம்ப் நாலைந்து ஆம்பியரை ஓயாமல் இழுக்கும். அது முழுவதும் அந்த நூல் ஒயர் வழியாகவும் சின்ன சுவிட்ச் வழியாகவும் போயிருக்கிறது. இணைப்பைச் சால்டர் வைக்கவில்லை, முறுக்கி டேப் சுற்றியதோடு சரி. வெயிலில் டேப்பின் பசை இளகி, முறுக்கு தளர்ந்து, அந்த இடம் சூடாகி, பம்ப்புக்குப் போக வேண்டிய வோல்டேஜ் குறைந்திருக்கிறது. வண்டி குலுங்கியது அதனால்தான். நான் மாற்றிய ஃபில்டரிலும் பிளக்கிலும் ஒரு குறையும் இல்லை.

அண்ணன் அடுத்து ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். "இங்க பாருங்க தம்பி, நீலம் இருக்க வேண்டிய இடத்துல பச்சை." 15 ஆம்பியர் ஃபியூஸை எடுத்துவிட்டு 30 ஆம்பியரைச் சொருகியிருந்தார்கள். வேலை செய்யும்போது ஒயர் எங்காவது பாடியில் பட்டு ஃபியூஸ் போயிருக்கும், மறுபடி போகாமல் இருக்கப் பெரியதாகப் போட்டிருப்பார்கள் என்றார். ஃபியூஸ் உருகாவிட்டால் ஒயர்தான் உருகும். அம்மா உட்கார்ந்திருந்த வண்டியில் இதைச் செய்திருக்கிறார்கள் என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

அவரே மறுபடி சரியாகப் போட்டுக் கொடுத்தார், பக்கத்திலேயே நின்று பார்த்தேன். 12 வோல்ட் ஐந்து பின் ரிலே ஒன்று. அதில் ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு எண் உண்டு. 85, 86 இரண்டும் காயில், அதாவது ரிலேயை இழுக்கும் கம்பிச் சுருள். காயில் 0.2 ஆம்பியர்கூட இழுக்காது, அதனால் சுவிட்ச் வரை மெல்லிய ஒயர் போனால் போதும். பம்ப்பின் கரண்ட் ரிலே வழியாக மட்டும் போகும். அதற்குப் பழைய ஒயர் அளவுக்கே தடிமனான ஒயர், சால்டர், மேலே சுருங்கும் குழாய். பம்ப் ஒயரை 30-க்கும் 87ஏ-க்கும் கொடுக்கச் சொன்னேன். காயிலில் கரண்ட் இல்லாதபோது இந்த இரண்டு பின்னும் இணைந்தே இருக்கும். அப்படிக் கொடுத்தால் காயிலோ சுவிட்ச் ஒயரோ பழுதானாலும் வண்டி நடுரோட்டில் நிற்காது. சுவிட்சைப் போட்டு வைத்திருந்தால், இக்னிஷன் போட்டதும் ரிலே இழுத்துப் பம்ப்பை வெட்டும். திருடன் சுவிட்ச் ஒயரைக் கண்டுபிடித்து அறுத்தால் வண்டி கிளம்பிவிடும் என்பது இதில் உள்ள குறை. பாலத்தில் நின்றவன் என்ற முறையில் நான் இதைத்தான் தேர்ந்தெடுத்தேன். ஏர்பேக் உள்ள வண்டி வைத்திருப்பவர்கள் மஞ்சள் உறை போட்ட ஒயரை யாரையும் தொடவிடாதீர்கள். வாரண்டி இருக்கும் வண்டியில் ஒயரை வெட்டவே வெட்டாதீர்கள். சுவிட்ச் எங்கே என்று நானே இடம் காட்டினேன், அதை இங்கே எழுத மாட்டேன். எல்லாம் சேர்த்து 1,100 ரூபாய். கடை ஸ்டிக்கரை அன்றைக்கே சுரண்டி எடுத்துவிட்டேன்.

கருகிய ஒயரையும் கடைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "அந்தப் பையன் வேலையை விட்டுப் போயிட்டான் சார்" என்றார் கடைக்காரர். பணத்தைப் பற்றிக் கேட்டால் அவரிடமிருந்து பதிலே இல்லை. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு பழைய ஜென்னுக்கு ஸ்டீயரிங் அடியில் படுத்து வேலை நடந்துகொண்டிருந்தது. வண்டிக்காரர் அப்பா வயதுப் பெரியவர். நான் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் டீயோடு இருந்தார். அவர் பக்கத்தில் போய் ஒயரைக் காட்டி, "ஐயா, ரிலே வைத்திருக்கிறார்களா என்று எழுந்துபோய் ஒருமுறை பாருங்கள்" என்றேன். டீயை அப்படியே கீழே வைத்துவிட்டு வண்டிக்கு நடந்தார்.