சர்பேஸ் கிரைண்டருக்கு எந்த சக்?

கோவை கணபதியில் எங்கள் பட்டறை. இரும்புத் துண்டின் முகத்தைத் தேய்த்து மட்டமாக்கும் மெஷின் சர்பேஸ் கிரைண்டர்; தேய்க்க வேண்டிய துண்டை, அதாவது ஜாபை, காந்தத்தால் பிடித்து வைக்கும் மேடைதான் சக். பழைய எலக்ட்ரோமேக்னட் (மின்காந்த) சக்கில் கூலன்ட் (சூடு தணிக்க ஊற்றும் திரவம்) இறங்கி இரண்டாவது தடவையும் காயில் போனதும், ரீவைண்டிங் கொடுப்பதா, வேறு வாங்குவதா என்று யோசிக்க வேண்டியதாயிற்று. வழி மூன்று: பழையபடி எலக்ட்ரோமேக்னட், சாவி போட்டுத் திருப்பும் பெர்மனன்ட் (நிலைக்காந்தம்), இரண்டும் கலந்த எலக்ட்ரோ பெர்மனன்ட். கலந்ததைத்தான் வாங்கினோம். என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று இப்போதே தெரிந்திருக்கும்.

பெர்மனன்ட் சக் விலை குறைவு, ஒயர் கிடையாது, ரிப்பேரும் பெரிதாக வராது. சின்ன சைஸில் அதுவே போதும். பெரிதாகப் பெரிதாகச் சாவி திருப்பத் தோள்பட்டை வலிக்கும். எங்கள் மெஷினுக்கு 300×600 மி.மீ. தேவை என்பதால் அதை விட்டுவிட்டோம்.

எலக்ட்ரோமேக்னட்டில் கரண்ட் போனால் பிடியும் போகும். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான், பேட்டரி வைத்துச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது சூடு. ஜாப் மேலே இருக்கும் நேரமெல்லாம் காயிலில் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். இரும்பு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, கிட்டத்தட்ட 12 மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) நீளும். 80 மி.மீ. உயர சக் 10 டிகிரி சூடானால் மேல்முகம் 9 மைக்ரானுக்கு மேல் எழும்பிவிடும். காலையில் டயலில் ஜீரோ வைத்தால் மதியம் அது ஜீரோ இல்லை. ஜாபும் சூட்டோடு இருக்கும்போதே அளந்து சரி என்று இறக்கியிருப்போம். இரவு முழுக்க ஆறிய டை பிளேட்டை மறுநாள் மைக்ரோமீட்டரில் பிடித்தால் 4 மைக்ரான் குறையும். டாலரன்ஸே (அனுமதிக்கும் பிசகு) 5 மைக்ரான் என்றால் என்ன செய்வது? அந்த ஒரு பிளேட்டுக்காக ஆபரேட்டர் தம்பியைத் திட்டிவிட்டேன். தப்பு அவன் மேல் இல்லை.

கலப்பு சக்கில் இந்தத் தொல்லை இல்லை. உள்ளே இரண்டு வகைக் காந்தம்: நியோடிமியம், அல்நிகோ. காந்த பலத்தில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் திசையை மாற்ற நியோடிமியத்துக்கு 15 மடங்குக்கு மேல் எதிர்ப்புலம் வேண்டும். காயில் சுற்றியிருப்பது அல்நிகோ மேல் மட்டும். கண நேரம் கரண்டைப் பாய்ச்சினால் அல்நிகோ மட்டும் திசை மாறும், நியோடிமியம் அசையாது. இரண்டும் ஒரே பக்கம் பார்த்தால் புலம் மேலே வந்து ஜாபைப் பிடிக்கும். எதிரெதிராக நின்றால் சக்குக்குள்ளேயே சுற்றி அடங்கிவிடும். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அதன்பின் எட்டு மணி நேரம் பிடித்திருந்தாலும் காயிலில் கரண்ட் இல்லை, அதனால் காயில் சூடும் இல்லை. கிரைண்டிங் சூட்டைக் கூலன்ட் பார்த்துக்கொள்கிறது.

குறையும் உண்டு. விலை அதிகம். கரண்ட் போனால் ஜாப் விழாது, ஆனால் திரும்பி வரும்வரை கழற்றவும் முடியாது. சாதா கிரேடு நியோடிமியத்துக்கு 80 டிகிரிக்கு மேல் ஆகாது, சுடச்சுட வரும் ஜாபை வைக்காதீர்கள். மெல்லிய ஷீட்டுக்கு எலக்ட்ரோமேக்னட் இன்னும் மேல்: வோல்டேஜைக் குறைத்து லேசாகப் பிடிக்கலாம். எங்கள் கன்ட்ரோலரில் அந்த வசதி இல்லை, ஷிம் (மெல்லிய தகடு) வேலை வந்தால் பக்கத்துப் பட்டறைக்கு அனுப்பிவிடுகிறோம்.

மில்லிங்குக்கும் இதையே போடலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். இரண்டே ஜாப்தான் ஓட்டிப் பார்த்திருக்கிறேன், அதுவும் ஸ்டாப்பர் வைத்து, மெதுவான கட்டில். ஹெவி கட்டுக்கு என்னை நம்பி வாங்க வேண்டாம்.