ஆவாரை என்று சொல்லி மஞ்சள் கொன்றையை அனுப்பிவிட்டார்கள்: 12,000 ரூபாய் போயிற்று

ஆவாரங்கன்று வாங்க எண்ணியிருப்பவர்கள் பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். வாட்ஸ்ஆப் வழியே நாட்டுச்செடிகள் விற்கும் ஒரு நாற்றுப்பண்ணைக்கு 300 கன்றுகளுக்காக 12,000 ரூபாய் அனுப்பி ஏமாற்றப்பட்டிருக்கிறேன்.

காங்கேயம் பக்கம் எங்கள் கொறங்காடு, அதாவது மேய்ச்சல் காடு, வானம் பார்த்த பூமி. தண்ணீர் ஊற்றாமலே தாக்குப்பிடிக்கும், ஆடுமாடு வாய்வைக்காது என்பதால்தான் வேலியோரம் முழுக்க ஆவாரை வைக்க முடிவு செய்தோம். போனில் பேசியவர், “அக்கா, பொங்கலுக்குக் காப்புக் கட்ட வேப்பிலை, பூளைப்பூவோடு எங்கள் ஊரே இந்தச் செடிகளில்தான் பூப் பறிக்கும், அதே நெற்றை உதிர்த்து நானே முளைக்கவைத்த கன்று” என்றார். விதைத்தோல் கெட்டி, வெந்நீரில் ஊறவைத்தால்தான் சீராக முளைக்கும் என்றும் விளக்கினார். செடியை இவ்வளவு அறிந்தவர் பொய் சொல்லமாட்டார் என்று நம்பி, அன்றே முழுத் தொகையையும் அனுப்பினேன்.

வந்து இறங்கியதில் ஒன்றுகூட ஆவாரை இல்லை. ஆவாரையில் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காதுமடல் போல அகன்ற இரண்டு செதில்கள் நிற்கும். ஒவ்வொரு சிற்றிலை இணைக்கும் நடுவே காம்பில் ஒரு சிறு சுரப்பியும் இருக்கும். இரண்டும் எந்தக் கன்றிலும் இல்லை. வந்தவை மஞ்சள் கொன்றை. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் காட்டையே மூடிப் பரவிவிட்டதென்று வனத்துறை வேரோடு அகற்றிக்கொண்டிருக்கும் அதே அயல்மரம். அதை ஆவாரை என்ற பெயரில் மேய்ச்சல் காட்டுக்கு அனுப்ப எப்படி மனம் வந்தது?

படம் எடுத்து அனுப்பியதற்கு, “இளங்கன்றில் இலை அப்படித்தான் இருக்கும்” என்றார்கள். மறுபடி கேட்டபோது, “ஒரு மழை பெய்யட்டும் அக்கா, மாறிவிடும்” என்றார்கள். மழை பெய்தால் ஒரு செடி இன்னொரு செடியாகிவிடுமா? பிறகு, உயிருள்ள பொருளுக்குப் பணம் திருப்பித் தருவதில்லை என்று ஒரு குரல்பதிவு வந்தது. அதன்பின் என் எண்ணை முடக்கிவிட்டார்கள். வண்டி வாடகையைக் கணக்கில் சேர்க்காமலே 12,000 ரூபாய் நஷ்டம்.

முழுப் பணத்தையும் முன்கூட்டி அனுப்பாதீர்கள். பூவின் படத்தை நம்பாதீர்கள். கன்றின் இலையடியைக் கிட்டத்தில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முடிந்தால் தரிசில் காய்ந்து நிற்கும் தட்டையான நெற்றுகளை நீங்களே பறித்து மழைக்கு முன் ஊன்றிவிடுங்கள். அதற்குக் காசே வேண்டாம்.