ஏற மோட்டர், இறங்க பிறேக்: மின் மலைச்சைக்கிளோடு இரண்டரை வருடம்

கொழும்பில் மேடு என்றால் மேம்பாலம்தான். அதனால் இந்தச் சைக்கிளை வாங்கிய அன்று நான் ஓட்டிப் பார்த்ததும் தெஹிவளை மேம்பாலத்தில்தான். டர்போவில், அதாவது மோட்டர் ஆகக்கூடிய உதவி தரும் நிலையில், போட்டு இரண்டு மிதி மிதித்தேன். யாரோ பின்னால் நின்று தள்ளுவதுபோல் உச்சிக்குப் போய்விட்டது. அந்த இருபது செக்கனில் மனம் விழுந்துவிட்டது. பிறேக் என்ன பிறேக் என்று குனிந்துகூடப் பார்க்கவில்லை.

வாங்கியது 2023 கடைசியில், நாட்டைவிட்டுப் போக இருந்த ஒருவரிடம், பழையதாக. நடு மோட்டர் (பெடலடியில் இருப்பது), 85 நியூட்டன் மீற்றர் இழுவை, 625 வாட் மணி பற்றறி, முன்னும் பின்னும் 150 மில்லிமீற்றர் சஸ்பென்ஷன், நிறை 24 கிலோ. வீடு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம். மாதம் ஒரு தடவையாவது நானும் மச்சானும் ஒரு வானில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு விடிய 3 மணிக்கு வெளிக்கிட்டு, அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை என்று அப்புத்தளைக்குப் போய்விடுவோம். தம்பேதன்ன தொழிற்சாலையடியில் இருந்து லிப்டன் சீற் என்ற மலையுச்சிக்கு ஏறி, தோட்டத்துப் பாதைகளால் இறங்குவது எங்கள் வழக்கமான சுற்று.

முதல் தடவை ஏறியபோது சொர்க்கம். மூச்சு வாங்காமல் கதைத்துக்கொண்டே ஏறினோம். இறங்கும்போதுதான் கணக்கு வந்தது. பாதி இறக்கத்தில் பின் பிறேக் லீவர் ஹேண்டில் வரைக்கும் வந்துவிட்டது. எரிந்த ரப்பர் போல ஒரு மணம். அடுத்த வளைவில் தேயிலைக்குள் போய் விழுந்தேன். தூரத்தில் இருந்து பார்த்தால் தேயிலைச் செடி மெத்தை மாதிரித் தெரியும். கவ்வாத்து வெட்டிய தேயிலையில் விழுந்தவனுக்குத்தான் அது என்னவென்று தெரியும்.

காரணம் பெரிய விஞ்ஞானம் இல்லை. நானும் சைக்கிளும் பையும் சேர்ந்து கிட்டத்தட்ட 107 கிலோ. அதை 1000 மீற்றர் உயரத்துக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 290 வாட் மணி சக்தி வேண்டும். ஏறும்போது அதில் பெரும்பங்கைப் பற்றறி தந்துவிடும். இறங்கும்போது அதே 290 வாட் மணியில் பெரும்பகுதி அந்த இரண்டு மெல்லிய டிஸ்க்கிலும் சூடாக வெளியேற வேண்டும். நடு மோட்டர் சைக்கிள், இறக்கத்தில் பற்றறியைத் திருப்பிச் சார்ஜ் செய்யாது. என்னுடையதில் இருந்தது இரண்டு பிஸ்டன் பிறேக், 180 மில்லிமீற்றர் டிஸ்க், ரெசின் பாட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை). மோட்டர் இல்லாத 14 கிலோ சைக்கிளுக்கு அது போதும். இதற்குப் போதாது.

அடுத்த மாதமே நாலு பிஸ்டன் பிறேக்கும் 203 மில்லிமீற்றர் டிஸ்க்கும் போட்டேன். அதோடு மெட்டல் பாட். மெட்டல் பாட் ஈரத்தில் கத்தும், ஊரைக் கூட்டும். ஆனால் மழைக்காலத்தில், செம்மண் சேற்றில், ரெசின் பாட் மூன்று பயணத்தில் தேய்ந்து இரும்பு தெரிந்ததை நான் கண்ணால் பார்த்தேன். கத்தினால் கத்தட்டும். பெரிய டிஸ்க் போட முதல் உங்கள் முன் ஃபோர்க் எத்தனை மில்லிமீற்றர் வரை தாங்கும் என்று பாருங்கள். அடப்டர் கிடைக்கிறது என்பதற்காக எல்லா ஃபோர்க்கிலும் போட்டுவிட முடியாது.

மோட்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த வகை மோட்டர் 25 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் உதவாது. இறக்கத்தில் முக்கால்வாசி நேரம் நீங்கள் அதைத் தாண்டித்தான் போவீர்கள். அப்போது மோட்டரும் பற்றறியும் வெறும் சுமை. அந்தச் சுமை எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். நடுவில், பெடலடியில் தாழ்வாக இருந்தால் கல்லிலும் வேரிலும் சைக்கிள் துள்ளாமல் நிலத்தைப் பிடித்துப் போகும். இதை நான் எதிர்பார்க்கவில்லை, உண்மையில் பிடித்துப்போனது. மச்சானின் முதல் சைக்கிள் பின் சில்லில் மோட்டர் உள்ளது. விலை பாதிக்கும் குறைவு. ஆனால் படியில் இறங்கும்போது அந்தக் கனமான சில்லை சஸ்பென்ஷனால் சமாளிக்க முடியாது, பின்பக்கம் உதைத்துக்கொண்டே இருக்கும். கொழும்பு–காலி வீதியில் வேலைக்குப் போய்வர அது நல்ல சாமான், மலை இறங்க அல்ல.

24 கிலோ என்பதை வேறொரு இடத்திலும் உணர்வீர்கள். தோட்டத்துக் குறுக்குப் பாதைகளில் கற்படிகள் இருக்கும், கான் இருக்கும். தூக்கித்தான் கடக்க வேண்டும். ஒருநாள் அப்படித் தள்ளிக்கொண்டு நிற்க, கொழுந்து எடுத்துவிட்டு வந்த ஒரு அம்மா நின்று பார்த்தார்.

"தம்பி, இது மோட்டர் சைக்கிளா?"

"இல்லை அம்மா, உழக்கத்தான் வேணும்."

"அப்புறம் எதுக்கு மோட்டரு?"

என்னிடம் பதில் இல்லை. அவர் முதுகில் கூடையோடு அந்தப் படிகளில் என்னை முந்திக்கொண்டு போய்விட்டார். (இந்தப் பாதைகள் அவர்கள் வேலைக்குப் போகும் பாதைகள். ஆளைக் கண்டால் நில்லுங்கள். தோட்டத்துக்குள் நுழைய முதல் கேட்டுக்கொண்டு போங்கள்.)

பற்றறி புதிதில் நடுத்தர உதவியில் ஏறத்தாழ 1300 மீற்றர் ஏற்றம் தந்தது. இப்போது 1100. டர்போவிலேயே ஏறினால் இன்னும் வெகுவாகக் குறையும். ஒரு முழு சார்ஜுக்கு நாலரை மணித்தியாலம், ஒரு யூனிட்டுக்கும் குறைவான கரண்ட். நான் செய்த பிழை, ஆரம்பத்தில் ஒவ்வொரு பயணம் முடிந்ததும் நிரப்பி, வெயில் விழும் பல்கனியில் மூன்று கிழமை வைத்தது. இப்போது பாதிச் சார்ஜில் உள்ளறையில் வைத்து, போகிறதுக்கு முதல் நாள் இரவு நிரப்புகிறேன்.

கடல் உப்பு தனிக்கதை. ஆறே மாதத்தில் போல்ட் எல்லாம் துருப்பிடித்தது. பற்றறி செருகும் இடத்து முனைகளில் பச்சை பூத்துவிட்டது. துடைத்து, மின் இணைப்புகளுக்கான கிறீஸ் கொஞ்சம் பூசிய பிறகு சரி.

மோட்டர் ஒரே ஒரு தடவைதான் மக்கர் பண்ணியது. ஏறிக்கொண்டிருக்கும்போது திரையில் ஒரு பிழை எண், உதவி நின்றது. நாற்பது நிமிடம் வயரை எல்லாம் தடவிப் பார்த்தோம். கடைசியில் பார்த்தால் பின் சில்லின் கம்பியில் இருக்கும் சுண்டுவிரல் நகமளவு காந்தம் இரண்டு விரற்கடை கீழே வழுக்கியிருந்தது. வேகம் அளக்கும் சென்சருக்கு எதிரே திரும்ப ஏற்றி முறுக்கியதும் சரி. கொழும்பில் பிறகு ஒரு கடையில் காட்டினேன். மோட்டரையே மாற்ற வேண்டும் என்றார்கள், ஒரு விலையும் சொன்னார்கள். நான் சிரித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்று திரும்ப வாங்குவதென்றால் மோட்டரை கடைசியாகத்தான் பார்ப்பேன். நல்ல நடு மோட்டர்களுக்குள் எனக்குத் தெரிந்த வித்தியாசம் ஒரு மேட்டுக்குக்கூடக் காணாது. முதலில் பிறேக், பிறகு ரயரின் பக்கச்சுவர் (மெல்லியது வேண்டாம், கூர்க்கல் வெட்டிவிடும்), சீற்றை ஓடும்போதே இறக்கும் ட்ரொப்பர் போஸ்ட், அப்புறம் சஸ்பென்ஷனுக்கு உதிரிப்பாகம் கிடைக்குமா என்பது. சில்லறைச் சாமான் பலதைக் கொழும்பின் உதிரிப்பாகக் கடைத்தெருவான பஞ்சிகாவத்தையில் தேடிச் சமாளிக்கலாம், சஸ்பென்ஷன் ஷொக்கின் சீல் என்றால் முடியாது.

என் பின் ஷொக் இப்போது காற்று இறங்குகிறது. சீல் செற் லண்டனில் இருந்து சித்தியின் பெட்டியில் வருகிறது. அப்படியே ஒரு பற்றறியும் கொண்டுவர ஏலுமா என்று கேட்டேன். 160 வாட் மணிக்கு மேல் போனால் பயணிகள் விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள் என்று தெரிந்தும்தான் கேட்டேன். "சாறி கொண்டுவரவே இடமில்லை" என்றுவிட்டு வைத்துவிட்டா.