தமிழ் அறிக்கைகளில் சுருக்கப்பெயர்கள்: குளோசரிஸ் பொதியோடு சில வருடங்கள்

வலிகாமத்துக் கிணற்றுநீர் பற்றிய ஆய்வறிக்கைகளையும் களப்பயிற்சிக் கையேடுகளையும் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு தமிழில் பக்கமமைத்துக் கொடுக்கிறேன். எல்லாம் ஸீலேடெக் என்ற, கட்டளைகளால் பக்கமமைக்கும் மென்பொருளில்தான். சுருக்கப்பெயர்களுக்கும் கலைச்சொல் பட்டியலுக்கும் நிக்கோலா டல்பொட் எழுதிய, ஸீலேடெக்கோடு சேர்ந்து இயங்கும் கட்டளைத் தொகுப்பான குளோசரிஸ் பொதியையும் அதன் நீட்சியான குளோசரிஸ்-எக்ஸ்ட்ராவையும் சில வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். இனியும் அவற்றை விடுவதாக இல்லை. ஆனால், வந்தபடியே பயன்படுத்தினால் தமிழுக்கு அவை போதமாட்டா.

அடிப்படை எளிது. ஒவ்வொரு சுருக்கப்பெயரையும் ஒருமுறை வரையறுத்துவிட்டு, உரையில் ஜிஎல்எஸ் கட்டளையால் அழைக்கிறோம். முதல் வரவில் முழுப்பெயரும் அடைப்புக்குறிக்குள் சுருக்கமும் அச்சாகும். அடுத்த வரவிலிருந்து சுருக்கம் மட்டும். ஒரு அத்தியாயத்தை மட்டும் பிரதி எடுத்துப் படிப்பவர்கள் இங்கே அதிகம். ஆகவே ஒவ்வொரு அத்தியாயத் தொடக்கத்திலும் ஜிஎல்எஸ்-ரீசெட்-ஆல் கட்டளையை இயக்குகிறேன். நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்ற வழிகாட்டல் அளவு யாருடையது என்பதை, ஐந்தாம் அத்தியாயத்தைத் திறப்பவரும் முழுப்பெயரோடு பார்க்க வேண்டும்.

சிக்கல் வேற்றுமை உருபில் தொடங்குகிறது. ஜிஎல்எஸ் கட்டளையின் கடைசிச் சதுர அடைப்பில் ஓர் ஒட்டைக் கொடுத்தால், வழக்கமான பாணி அதை முழுப்பெயரோடு சேர்த்துவிட்டு அதன் பிறகே அடைப்புக்குறியைத் திறக்கும். இடம் சரி, ஆனால் சொல் சரியில்லை. 'உலக சுகாதார நிறுவனம்' என்பதோடு 'இன்' அப்படியே ஒட்டினால் 'நிறுவனம்இன்' என்று நிற்கும். தமிழறிந்த எவரும் அந்தப் பக்கத்தை மூடிவிடுவார்.

நான் கண்ட வழி இது. ஒவ்வொரு பதிவிலும் யூசர்1 என்ற புலத்தில் 'உலக சுகாதார நிறுவனத்தி' என்று வேற்றுமை ஏற்கும் அடியை எழுதிவைக்கிறேன். ஒட்டு வெறுமையாக இருந்தால் முழுப்பெயரையும், இருந்தால் இந்த அடியையும் எடுக்கும்படி சொந்தமாக ஒரு பாணி வரையறுத்தேன். ன், ல், ற்கு, னால், னை, னுடன் என எதைக் கொடுத்தாலும் நிறுவனத்தின், நிறுவனத்தில், நிறுவனத்திற்கு, நிறுவனத்தினால் என்று ஒழுங்காக வருகிறது. எல்லா ஒட்டும் மெய்யில் தொடங்குவதால், உயிர்க்குறியீடு தனித்து நிற்கும் ஆபத்தும் இல்லை. சுருக்கத்துக்கு யூசர்2 புலம்: இலங்கை போக்குவரத்துச் சபைக்கு 'இ.போ.ச.வி' என்று வைத்தால் இ.போ.ச.வின், இ.போ.ச.வில் எல்லாம் கிடைக்கும். முழுப்பெயர் 'சபை' என்று முடியும்போது மட்டும் நான்காம் வேற்றுமை இடிக்கும். 'சபையிற்கு' என்று அச்சிட எனக்கு மனம் வராது, 'சபைக்கு' என்றே வரவேண்டும். அதற்காக ஜிஎல்எஸ்-ஆட்-கீ கட்டளையால் தனிப்புலம் ஒன்று சேர்த்திருக்கிறேன்.

புள்ளிகளையும் கவனிக்க வேண்டும். 'ப.நோ.கூ.ச.' (பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம்) என்று வாக்கியம் முடிந்தால் இரண்டு முற்றுப்புள்ளிகள் விழும். எக்ஸ்ட்ராவில் டிஸ்கார்ட்-பீரியட் என்ற பண்பை இயக்கினால் மிகைப்புள்ளி நீங்கும். தமிழுக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. எழுத்துகளிடையே தானாகப் புள்ளி வைக்கும் இன்சர்ட்-டொட்ஸ் பண்பைத் தொடவே வேண்டாம். அது யுனிகோட் குறிகளைத் தனித்தனியே எண்ணுவதால் 'நோ' என்பதை நகரமாகவும் ஓகாரக் குறியாகவும் பிரித்து நடுவில் புள்ளி வைக்கும். கையால் புள்ளி வைப்பதே மேல். ஆங்கிலப் பேரெழுத்துகளைச் சிறிதாக அச்சிடும் சிறுபேரெழுத்துப் பாணிகளால் நமக்கு எந்தப் பயனும் இல்லை.

அகரவரிசையில்தான் பொறுமை அதிகம் வேண்டும். பட்டியலை வரிசையாக்கும் மேக்-இண்டெக்ஸ் நிரல் பைட் வரிசையில், அதாவது எழுத்துகளின் கணினிக் குறியெண்படி, அடுக்குகிறது. யுனிகோடில் னகரம் நகரத்தை ஒட்டி நிற்பதால் 'கனிமம்' வந்த பிறகே 'கரைசல்' வரும். புள்ளிக்குறி எல்லா எழுத்துகளுக்கும் பின்னால் இருப்பதால் 'உபரி'க்குப் பிறகு 'உப்பு' வரும். அகராதி பழகிய ஆசிரியர் ஒருவர் அந்தப் பட்டியலில் எதையும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே வரிசையாக்கும் நிரலையே விலக்கிவிட்டேன். பதிவுகளை நானே அகரவரிசையில் ஒரு தனிக்கோப்பில் வைத்து, பிரிண்ட்-அன்சோர்ட்-குளோசரி கட்டளையால் அச்சிடுகிறேன். வரையறுத்த வரிசையிலேயே வெளிவரும். வேறு நிரலை இடையில் ஓட்டத் தேவையில்லை. உரையில் பயன்படுத்தாத பதிவுகளும் பட்டியலில் ஏறிவிடுவது இதன் குறை. ஒவ்வோர் அறிக்கைக்கும் கோப்பைப் பிரதி எடுத்து, வேண்டாதவற்றை நீக்குகிறேன். நூறு சொற்களுக்குட்பட்ட பட்டியலுக்கு இது பெரிய வேலையல்ல.

தலைப்புகளுக்குள் ஜிஎல்எஸ் கட்டளையை இடாதீர்கள். பொருளடக்கத்திலேயே முதல் வரவு கழிந்துவிட்டால், உரையில் வெறும் சுருக்கமே மிஞ்சும். தலைப்புக்கென்று ஜிஎல்எஸ்-எஃப்எம்டி-ஷோர்ட் கட்டளை தனியாக இருக்கிறது.