ஆமைகள் வெயில் காயும் மிதவை மேடை: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

ஏரியை ஒட்டிய எங்கள் நிலத்தின் கரை முழுவதும் கல் பதித்துக் கட்டப்பட்டிருப்பதால், நீரில் சாய்ந்து கிடக்கும் மரமோ தட்டையான பாறையோ அங்கு ஒன்றுகூட இல்லை. எதிர்க்கரையில் விழுந்து கிடக்கும் பட்டமரத்தின் மீது ஆமைகள் வரிசையாகக் கழுத்தை நீட்டி வெயில் காய்வதைப் பல நாள் பார்த்த ஆசையில், அவற்றுக்கென்றே விற்கப்படும் மிதவை மேடை ஒன்றை வாங்கினேன்.

பொருளின் கட்டுமானத்தில் குறை சொல்ல இடமில்லை. மிதவைப் பகுதி முழுவதும் மூடிய பாலித்தீன் உருளைகளால் ஆனது. மேற்பலகைக்கு இரசாயனம் ஏற்றாத மரத்தையே பயன்படுத்தியிருக்கிறார்கள். வெளியே தெரியும்படி தெர்மோகோல் வைத்த மேடைகளை வாங்கவே கூடாது என்பேன். அது வெயிலில் உதிர்ந்து, மீன்களின் வயிற்றுக்குள் போய்ச் சேரும்.

ஆனால் சாய்தளத்தை வடிவமைத்தவர் ஆமை ஏறுவதைக் கவனித்துப் பார்த்திருக்க மாட்டார் என்றே தோன்றுகிறது. ஆமை துள்ளி ஏறுவதில்லை. நீருக்கடியில் நகம் பதியும் இடம் கிடைத்தால்தான், முன்கால்களால் பற்றித் தன் ஓட்டின் எடையை மெல்ல மேலே இழுக்கிறது. இந்த மேடையின் சாய்தளமோ நீருக்குள் இரண்டு விரல் அளவே இறங்குவதோடு, இழைத்த பலகையாக வழுக்கவும் செய்கிறது. பட்டை உரிக்காத தடித்த கிளைகள் இரண்டை அதன் விளிம்பில், ஒரு முனை நன்கு நீருக்குள் அமிழும்படி கட்டிய பிறகே அது பயனுக்கு வந்தது.

இடத்தைத் தேர்ந்ததில் தவறு என்னுடையது. அருகிலிருந்து பார்க்கலாம் என்று கரையோரமாக, மர நிழல் விழும் இடத்தில் நிறுத்தியிருந்தேன். இரண்டு மாதங்கள் ஓர் ஆமைகூட வரவில்லை. தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாத ஆமைக்கு, உண்டது செரிப்பதற்கும், புற ஊதாக் கதிரிலிருந்து வைட்டமின் டி உருவாகி ஓடு உறுதிப்படுவதற்கும், உடலில் ஒட்டிய அட்டைகள் காய்ந்து விழுவதற்கும் நேரடி வெயில் வேண்டும். கூடவே, சிறு அரவம் கேட்டாலும் சட்டென்று நழுவி மறைய ஆழமான நீரும் வேண்டும். கரையிலிருந்து பத்து மீட்டர் தள்ளி, காலை முதலே வெயில் படும் இடத்துக்கு மாற்றிய இரண்டாம் வாரத்தில் முதல் ஆமை ஏறியது. அன்று நான் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. இப்போது பெரியதன் முதுகின் மேல் சிறியது ஏறிக் கிடக்கும் நாட்களும் உண்டு.

உடன் தந்த நங்கூரம் ஒன்றே ஒன்று என்பதால் காற்றில் மேடை சுழன்றது. இரு முனைகளிலும் எடை கட்டி, நீர்மட்டம் உயர்ந்தாலும் மேடை அமிழாதபடி கயிற்றில் தளர்வு விடுவது நல்லது.

விளக்கக் குறிப்பில் மேடை மீது உணவு வைக்கலாம் என்று எழுதியிருப்பதை வன்மையாக மறுக்கிறேன். அது நீரைக் கெடுக்கும். ஆமைகளின் இயல்பான அச்சத்தைப் போக்கிவிடும். முட்டைகளைத் தோண்டித் தின்னும் விலங்குகளையும் வரவழைக்கும். விரைவில் பலன் காண வேண்டி வளர்ப்பு ஆமைகளைக் கொண்டுவந்து விடுவது அதனினும் கேடானது. கடைகளில் பரவலாக விற்கப்பட்ட சிவப்புக்காது ஆமை, உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்ற ஒன்று.

கரையில் ஏற்கெனவே விழுந்த மரம் இருப்பவர்கள் இதை வாங்கத் தேவையில்லை. அம்மரத்தை அகற்றாமல் விட்டாலே போதும். எங்களைப் போல் கற்கரை உள்ளவர்களுக்கு, சாய்தளத்தைத் திருத்திக்கொள்ளும் பொறுமை இருந்தால், தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆயினும், முட்டையிட நிலத்துக்கு வரும் பெண் ஆமைக்கு மேடையால் பயனில்லை. அதற்காகக் கற்சுவரின் ஒரு பகுதியை உடைத்துச் சரிவாக்கி, வெள்ளம் எட்டாத உயரத்தில், வெயில் படும் மணல் திட்டு ஒன்றை இந்த ஆண்டு அமைத்திருக்கிறோம்.