மரப்பொந்துத் தேன்கூட்டை உயிரோடு எடுக்கும் சேவை: வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம்

பொந்தில் தேன்கூடு கண்டதும் பூச்சிமருந்து அடிக்கும் கொம்பனியை அழைப்பதுதான் கொழும்பில் வழக்கம். அதோடு தொல்லை தீர்வதில்லை. காக்க ஆளில்லாத அடை இளகித் தேன் வழியும், எறும்பு ஏறும், அடுத்த வளவுத் தேனீக்கள் அந்த நச்சுத் தேனைக் களவெடுத்துப் போய்ச் சாகும். அதனால் கூட்டைப் பெட்டிக்கு மாற்றிக் கொண்டுபோகும் தேனீ வளர்ப்பாளர் இருவரின் சேவையை நிதானமாகப் பார்ப்பது பயனுள்ளது.

முதலில் வட்ஸ்அப்பில் படம் கேட்கிறார்கள். அது சரியான தொடக்கம். பொந்துக்குள் பல அடைகள் அடுக்காக இருந்தால் பெட்டிக்குப் பழகும் சாதி. உயரக் கிளையில் ஒற்றைப் பெரிய அடை திறந்து தொங்கினால் அது மலைத்தேனீ. அது பெட்டியில் தங்காது, கூட்டமாகத் துரத்திக் கொட்டும். அந்த வேலையை இவர்கள் ஏற்பதில்லை. அடையே இல்லாமல் கொத்தாகத் தொங்கினால் இடம் தேடும் கூட்டம். பெரும்பாலும் சில நாளில் தானே போய்விடும்.

வேலை பின்னேரம் தொடங்குகிறது. காய்ந்த பொச்சுப் புகை, வாசலில் இரண்டு மூன்று ஊதல், பிறகு சில நிமிடம் பொறுமை. இங்கேதான் பலர் கெடுப்பது: புகை கூடினால் இந்தச் சாதி அடையை விட்டு மொத்தமாக ஓடும், ராணியும் கூடவே போய்விடும். அடைகளை ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக அறுத்து, தேன் பகுதியை வேறாக்கி, முட்டையும் புழுவும் உள்ள பகுதியை மட்டும் பெட்டிக்குள் வைக்கும் மரச் சட்டத்தில் வாழைநாரால் கட்டுகிறார்கள். தேனடையைப் பெட்டிக்குள் வைத்தால் தேன் ஒழுகித் தேனீக்கள் அதில் ஒட்டிச் சாகும், எறும்பும் வரும். அடையின் மேல்பக்கம் மேலேயே இருக்கவேண்டும், ஏனெனில் அறைகள் சற்று மேல்நோக்கிச் சரிந்தவை. தலைகீழாகக் கட்டினால் அந்தச் சரிவு கெடும். சட்டத்தின் மேல்கட்டையில் அடை முட்டி நிற்கும்படி கட்டும் கவனம் இவர்களிடம் உண்டு. இடைவெளி விட்டால் தேனீக்கள் ஒட்டி முடிக்குமுன் அடை சரிந்துவிடும்.

ராணி கிடைத்ததும் பெட்டிக்குள் விட்டு வாசலில் ராணித் தடுப்பு போடுகிறார்கள். வேலைக்காரத் தேனீ நுழையும், ராணியால் வெளியே வரமுடியாது. மகரந்தம் சுமந்து தேனீக்கள் ஒழுங்காக நுழையத் தொடங்கியதும் அதைக் கழற்றவேண்டும், இல்லாவிட்டால் ஆண் தேனீக்கள் உள்ளே அடைபடும். தடுப்பைப் போட்ட கையோடு பெட்டியைப் பழைய வாசலுக்கு ஒட்டினாற்போல் வைத்து இருட்டும்வரை காத்திருக்கிறார்கள். வாசலில் தேனீக்கள் பின்புறத்தை உயர்த்திச் சிறகடித்தால் ராணி உள்ளே இருப்பதற்கு நல்ல அறிகுறி. இந்தக் காத்திருப்புக்காகவே இவர்களைப் பரிந்துரைக்கலாம். பகலிலேயே பெட்டியை மூடிக் கிளம்பினால் வெளியே இரை தேடும் தேனீக்கள் முழுவதும் அநாதையாகும். கொண்டுபோவது ஹோமாகமைப் பக்கம். அவ்வளவு தூரமென்றால் அவை பழைய மரத்துக்குத் திரும்பா. அங்கே பெட்டிக் கால்களை எண்ணெய்க் கிண்ணத்தில் நிறுத்தி, இரவில் மட்டும் சீனியும் தண்ணீரும் ஒன்றுக்கு ஒன்று கலந்த சீனிப்பாணி வைப்பதாகச் சொல்கிறார்கள். பகலில் வைத்தால் மற்றக் கூடுகள் கொள்ளையடிக்கும், எனவே முறை சரி.

குறை பொந்தை மூடுவதில். துணி திணித்துவிட்டுப் போகிறார்கள். மெழுகு வாசனை அடுத்த கூட்டத்தை அழைக்கும். மெழுகைச் சுரண்டி எடுத்து, நுளம்புக் கம்பிவலையை இறுக்கி ஆணியடிக்கச் சொல்லுங்கள். சீமெந்து பூசவிடாதீர்கள், உள்ளே ஈரம் தங்கித் தண்டு உக்கும்.

இன்னொன்று: மரத்தை வெட்டாமல் திறக்கமுடியாத பொந்துக்குக் கம்பிவலைக் கூம்பு பொருத்தும் முறையையும் தருகிறார்கள். வெளியே வந்த தேனீ உள்ளே போகும் வழி காணாமல், பக்கத்தில் புழு அடையோடு வைத்த பெட்டியில் சேரும். அது வாரக்கணக்கில் இழுக்கும். ராணி பெரும்பாலும் வெளியே வராது, கவனிக்க ஆளில்லாத புழுக்களோடு உள்ளேயே முடியும். இதையும் "உயிர்ச்சேதமில்லா முறை" என்று விற்பது சரியல்ல. வாசல் ஆட்கள் நடமாடும் உயரத்துக்கு மேலே இருந்தால், அந்தக் கட்டணத்தைக் கொடுக்காமல் கூட்டை அப்படியே விட்டுவிடுங்கள்.

கட்டணம் உயரத்தைப் பொறுத்தது, ஏணி எட்டாத மரமென்றால் ஏறுபவருக்குத் தனி. வேலை நடக்கும்போது பிள்ளைகளையும் நாயையும் வீட்டுக்குள் வையுங்கள். கொட்டு வாங்கியவருக்கு மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.